ஐந்தாம் நம்பர் கம்பி

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தார்: இந்த வீட்டுக்குத் திருடர் அலாரம் வைத்தே தீருவது. அந்தத் தெருவில் திருட்டுப் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கடைசியாகக் காணாமல் போனது எதிர்வீட்டு டெய்லரின் இஞ்ச் டேப். அதுவும் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உண்மையில் திருடனைப் பற்றி அவருக்குத் துளியும் பயமில்லை. அவர் மண்டையைக் குடைந்தது ஒரு நீல நோட்டு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இரண்டு மாதமாக மனைவி அதில் எதையோ எழுதிவருகிறாள். சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து அன்றைய வீரதீரங்களையெல்லாம் சொல்லி முடிப்பார். அவள் "ம்" என்பாள். நேரே போய் மேஜையில் உட்கார்ந்து நாலு வரி எழுதுவாள். அவரை ஒரு பார்வை பார்த்துச் சிரிப்பாள். நோட்டை இழுப்பறையில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

"என்ன எழுதற?"

"சும்மாங்க."

இந்த "சும்மா"வில்தான் மனிதர் பாதி இளைத்துப்போனார். அவர் இல்லாத நேரத்தில் அவள் எப்போது இழுப்பறையைத் திறக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும், சரியாக அந்த நேரம் பார்த்து வந்து நிற்கலாம். எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்று திரையில் காட்டும் அலாரப் பெட்டியை அவர் தேடிப்பிடித்து வாங்கியது இதற்காகத்தான்.

"ஏங்க, நம்ம வீட்டுல திருட என்னங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"நான் இருக்கேன்ல?"

"அதான் கேக்கறேன்."

பெட்டியோடு கையடக்கமான ஒரு தடித்த புத்தகம் வந்தது. எப்படி மாட்டுவது, எந்தக் கம்பி எங்கே என்று படம் போட்ட மானுவல். அவர் அதைப் பிரிக்காமலே ஓரமாக வீசினார்.

"படிக்கலையா?"

"அதெல்லாம் தெரியாதவனுக்கு. தெரிஞ்சவனுக்கு எதுக்கு மானுவல்?"

காலையில் ஏணி ஏறியவர் இறங்கும்போது மணி நாலு. வாசல் கதவில் காந்தம், நிலையில் அதற்கு ஜோடி. ஜன்னல் மூன்றுக்கும் அப்படியே. ஒவ்வொன்றிலிருந்தும் இரட்டைக் கம்பி சுவரோரமாக ஊர்ந்து பெட்டிக்கு வந்தது. மனைவி துணி காயப்போட மாடிக்குப் போன சமயம், மேஜைக்கடியில் படுத்து இழுப்பறையின் பின்புறம் ஐந்தாவது ஜோடியையும் பொருத்திவிட்டார். இழுப்பறை மூடியிருந்தால் காந்தம் சேர்ந்திருக்கும், திறந்தால் பிரியும், பெட்டிக்குத் தெரிந்துவிடும்.

கடைசியில் பார்த்தால் ஒரு பொட்டலத்தில் அரிசி மணிபோல ஐந்து ரெசிஸ்டர், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் துண்டுகள், மிச்சம். கம்பிக்கு ஒன்று என்பது புரிந்தது. மறுபடி ஏணி ஏறி ஒவ்வொரு கம்பியின் மறுகோடிக்கும் யார் போவது? ஐந்தையும் பெட்டிக்குள்ளேயே, கம்பி வந்து சேரும் இடத்தில் வரிசையாக முறுக்கிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது.

பெட்டிமேல் ஸ்டிக்கரும் ஒட்டினார். மனைவி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"வாசல், ஹால், சமையல்கட்டு, படுக்கையறை... அஞ்சு, பின்கதவு. ஏங்க, நம்ம வீட்டுக்கு ஏதுங்க பின்கதவு?"

அவர் ஸ்டிக்கரை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார். "பின்னால வச்சாலும் வைக்கலாம்ல? இப்பவே கம்பி இழுத்துட்டேன்."

"ஓஹோ" என்றாள். அந்த "ஓஹோ"வை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அதற்குள் டெய்லர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கடைக்காரருக்கு உற்சாகம் பிறந்தது. "ஊர்லயே பத்திரமான எடம் இந்தப் பெட்டிதான் சார்! நம்பர் போடாம மூடியைத் தொட்டா அலறும். கரண்ட்டைப் புடுங்கினாலும் உள்ள பேட்டரி இருக்கு. கம்பியை வெட்டினாலும் கத்தும்."

"நம்பர் தெரியாம தொறக்கவே முடியாதாங்க?" மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"எவனாலயும் முடியாது!"

"நீங்க என்ன நம்பர் போட்டிருக்கீங்க?"

"கம்பெனிக்காரன் குடுத்ததுதான். ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். வாசல் இருபத்தாறு முறை. அதில் இருபது அவரே சோதித்தது. ஐந்தாம் நம்பர்? ஒரு முறைகூடத் திறக்கவில்லை. ஆனால் மனைவி அவர் கண்ணெதிரே இழுப்பறையைத் திறக்கிறாள், எழுதுகிறாள், முன்பைவிட அதிகமாகச் சிரிக்கிறாள். திரை மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. இது என்ன மாயம்? மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். "வீட்டுல ஆள் இருந்தாலும் அலாரத்தைக் காவலுக்குப் போடணும்னு சொன்னீங்களே, போட்டுட்டேன். நான் வெளிய போக ஒரு நிமிஷம் விடுமாம்" என்றாள். போனவள் சாவியை மேஜைமேலேயே மறந்துவிட்டாள்.

அவர் சாவியைப் பார்த்தார். சாவி அவரைப் பார்த்தது. ஐந்தாம் நம்பர்தான் செத்துக் கிடக்கிறதே, என்ன பயம்? பூட்டைத் திறந்து இழுப்பறையை இழுத்தார்.

வீடே அலறியது. ஓடிப்போய் ஒண்ணு ரெண்டு மூணு நாலு அழுத்தினார். 'தவறான எண்' என்றது திரை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் தவறு. டெய்லர் கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்தார்.

"திருடன் எங்க சார்?"

கடைக்காரர் கையிலிருந்த சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இழுப்பறைக்குள் இருந்தது ஒரே ஒரு ஹேர்பின். அவர் தேடிய நோட்டு இல்லை.

மனைவி தெருமுனைகூடத் தாண்டியிருக்கவில்லை போலும். நிதானமாக உள்ளே வந்து நாலு எண்ணை அழுத்தினாள். அமைதி. டெய்லர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்.

"இது வேலையே செய்யலையே, இன்னைக்கு எப்படி...?"

"ரெசிஸ்டரைக் கம்பியோட அந்தக் கோடியில வைக்கணுமாம்ங்க. பதினாலாம் பக்கம். பெட்டிக்குள்ளயே வச்சா, யாராவது அங்க ரெண்டு கம்பியையும் ஒரு ஹேர்பின்னால சேத்துட்டாப் போதுமாம். அப்புறம் எத்தனை தடவை தொறந்தாலும் பெட்டி மூடியிருக்குன்னே நெனச்சிக்குமாம்."

அவர் ஹேர்பின்னைப் பார்த்தார்.

"நேத்துதான் அதை எடுத்துட்டு, அஞ்சையும் அந்தந்த எடத்துல மாத்தி வச்சேன். நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு மாட்டினது, ஒழுங்கா வேலை செய்யட்டுமேன்னுதான்."

அசடு வழிந்தாலும் ஆசை அடங்கவில்லை. "அப்ப அந்த நோட்டு?"

அவள் சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "ஊர்லயே பத்திரமான எடத்துல இருக்கு. நீங்கதானே சொன்னீங்க?"

பேட்டரிக்குப் பக்கத்தில் அவ்வளவு இடம் விட்டு மாட்டியது யார்? அவர்தான். அவர் தன் பெட்டியையே முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதற்குள்தான் இருக்கிறது அந்த நோட்டு, இரண்டு மாதத்து ரகசியம், அவர் வாங்கிய பூட்டுக்குப் பின்னால்.

"நம்பர் என்னன்னு..."

"மாத்திட்டேங்க."

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "பரவால்ல! நம்பர் மறந்தா என்ன பண்ணணும்னு மானுவல்ல போட்டிருப்பான். படிச்சா தீந்துது. மானுவல் எங்க?"

"அதுவும் உள்ளதாங்க இருக்கு."