கஷ்டப்பட்டு வாங்கிய பொன் மேலங்கி

நம்மிடையே ஓர் இனம் உண்டு. தான் வழுக்கி விழுந்த படியில் அடுத்தவனும் விழ வேண்டும், விழாமல் ஏறியவன் மாடிக்கு வந்ததாகவே கணக்கில்லை என்று நம்புகிற இனம். கோவில் கமிட்டியில் இருப்பார்கள், தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பார்கள், கல்யாண வீட்டு அடுப்படியிலும் இருப்பார்கள். ஆனால் இந்த இனம் கொழுத்து வளர்வது இணைய விளையாட்டுகளில்தான். அங்கே இதற்கு ‘ரெய்டு லீடர்’ என்று பெயர்.

சிரில் அதில் சுத்த ரகம். ஐம்பதை நெருங்குகிற வயது, கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. அலுவலகத்தில் அவர் பேச்சைப் பிரிண்டர்கூடக் கேட்காது. வீட்டில் மனைவி டொரத்தி சொன்னதுதான் சட்டம். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு, கை கழுவி, ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டால் அவர் ‘கிள்ளான் இடிமுழக்கம்’ என்னும் படைக்குத் தளபதி.

ரெய்டு என்பது வேறொன்றுமில்லை. பத்துப் பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் ஒன்றுகூடி ஒரே அரக்கனை அடிப்பது. அரக்கன் தரையில் நெருப்பு வட்டம் போடுவான். வட்டத்துக்குள் நின்றவன் செத்தான். காயம்பட்டவர்களுக்கு மருந்து போட வைத்தியர் ஒருவர் கூடவே வருவார். ஹீலர் என்பார்கள். அரக்கன் விழுந்தால் ஆளுக்கொரு பொன் மேலங்கி பரிசு.

அந்த மேலங்கியை வாங்க சிரிலுக்கு ஒரு வருஷம் பிடித்தது. மாமனாரின் பிறந்தநாள் விருந்து போயிற்று, முதுகு போயிற்று, டொரத்தியின் பொறுமை போயிற்று. படையிலேயே அதிகம் செத்தவர் தளபதிதான். செத்ததும் திரையில் மூன்று கேள்விக்குறி போடுவார். பிறகு கத்துவார்: “ஹீலர் என்ன பண்றீங்க? தூங்குறீங்களா?” ஹீலர்கள் ஒவ்வொருவராக ஓடினார்கள். கடைசியாக ஓடிய ஷஹானா நிஜமாகவே ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள். “வார்டுலகூட யாரும் என்னைய இப்படித் திட்டுனது இல்ல அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படியிருக்கையில், விளையாட்டு நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. இனி ‘சுலப முறை’ என்று ஒன்று உண்டு. அரக்கன் கொஞ்சம் மெதுவாக அடிப்பான். நெருப்பும் சட்டென்று கொல்லாது. பிள்ளைகுட்டிக்காரர்களும் கைகால் முடியாதவர்களும் ஆடலாம். வட்டம் சரியாகத் தெரியாதவர்களுக்குக் கோடு போட்டுக் காட்டவும் வசதி உண்டு. பரிசு? அதே பொன் மேலங்கி.

சிரிலுக்குக் குடித்த தேத்தண்ணி மூக்கில் ஏறியது.

மறுநாள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், அதே தெருவில் சேலைக்கடை வைத்திருக்கும் தன் படைவீரர் ஜெய்னுதீனைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா பாய்? எல்லாருக்கும் மேலங்கியாம்!”

“குடுக்கட்டுமே லா. ஒங்களோடத கழட்டியா குடுக்குறாங்க?”

“அப்புறம் அதுக்கு என்னா மதிப்பு? நாம பட்ட கஷ்டம்?”

“நீங்க பட்டது இருக்கட்டும், நான் பட்டதக் கேளுங்க. கடைய மச்சான்கிட்ட விட்டுட்டு ஓடியாறேன். புள்ள அழுவுது, எந்திரிச்சுப் போறேன். திரும்பி வந்தா நான் செத்துக் கெடக்கேன், நீங்க கத்திக்கிட்டு இருக்கீங்க. எனக்கு சுலபமே போதும்ணே.”

சிரில் மோர் மிளகாயைக் கடித்தார்.

அந்தச் சனிக்கிழமை ஹீலர் வேலைக்கு ஒருவர் வந்தார். பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வீரம்மா, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரில் நேர்காணல் நடத்தினார். மொத்தப் படையும் கேட்டுக்கொண்டிருந்தது.

“கை வேகம் எப்படி ஆன்டி?”

“வேகம் ஏதுப்பா, மூட்டுவலி. ரெண்டு பட்டனுக்கு மேல அமுக்க முடியாது. அதான் சுலபத்துல ஆடலாம்னு வந்தேன்.”

“இது கஷ்டப்பட்டவங்க படை, ஆன்டி. சுலபத்துக்கு இங்க எடமில்ல.”

“சரிப்பா” என்றார் வீரம்மா. அவ்வளவுதான். கோபித்திருந்தால்கூடத் தேவலை. அந்தச் ‘சரிப்பா’வைக் கேட்ட ஜெய்னுதீன் அப்போதே படையை விட்டு வெளியேறினார், அவர் பின்னாலேயே மற்றவர்களும். மிஞ்சியவர் லோரி ஓட்டும் இராமலிங்கம் ஒருவர்தான். விசுவாசமா? அதெல்லாம் இல்லை. வெளியேற எந்தப் பட்டனை அமுக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் விளையாட்டுக்குள் இருக்கும் சந்தையில் எங்கு பார்த்தாலும் பொன் மேலங்கி. ஜெய்னுதீன் ஒன்றைப் போட்டுக்கொண்டு மீன்கடை முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். சிரிலின் மேலங்கியில் ஒரு நூல்கூடக் குறையவில்லை, ஆனாலும் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டொரத்தி பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பியதும், எதிரியை வேவு பார்ப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ‘செண்பகம்’ என்ற பெயரில் ஒரு வாள்வீச்சுக்காரியை உருவாக்கி, மைக்கை அணைத்துவிட்டு, ஜெய்னுதீன் தொடங்கியிருந்த புதுப் படையில் சேர்ந்தார் தளபதி. சுலப முறையில்.

செத்தார். மறுபடி செத்தார். சுலப முறையில் ஒரு காப்பி குடிக்கிற நேரம் நெருப்புக்குள் நின்றால்தான் சாவு வரும். சிரில் நின்றார். பழக்க தோஷத்தில் மூன்று கேள்விக்குறியும் போட்டார்.

ஹெட்போனில் அந்தப் படையின் ஹீலர் குரல் வந்தது. வீரம்மா! “செண்பகம், நான் மருந்து போட்டுக்கிட்டேதான் இருக்கேன்மா. நீ நெருப்புலயே நிக்கிற. வட்டம் தெரியலையா?”

‘எந்த வட்டம்?’ என்று தட்டினார் சிரில்.

“புல்லு மேல செவப்பா, இவ்ளோ பெருசா இருக்கே!” என்றார் ஜெய்னுதீன்.

“இருங்க பாய்” என்றார் வீரம்மா. “எங்க தம்பிக்கும் இப்படித்தான். செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். செட்டிங்ல கோடு போடுற பட்டன் இருக்கு, போட்டுப் பாரும்மா. அவசரமில்ல, நாங்க நிக்கிறோம்.”

நாங்க நிக்கிறோம்! சிரிலின் படையில் யாரும் யாருக்காகவும் நின்றதில்லை. பட்டனைத் தேடிப் போட்டார். வெறும் புல்லாக இருந்த தரையெங்கும் வரி வரியாக வட்டங்கள் எழுந்தன. அவர் உட்கார்ந்தபடியே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். இத்தனை காலமும் இவை இங்கேயா இருந்தன? பாசாரில் பழுத்த மிளகாய் வாங்கச் சொன்னால் பச்சையை வாங்கி வருவதை டொரத்தி சோம்பேறித்தனம் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தாள்? அதைவிட, ஓடிப்போன ஹீலர்கள் அத்தனை பேரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். ஷஹானாவின் குரல் தனியாகக் கேட்டது.

அடுத்த முறை அவர் சாகவில்லை. வட்டத்துக்கு வட்டம் தாவினார், ஐம்பது வயது முதுகை மறந்து நாற்காலியிலேயே வளைந்தார். அரக்கன் விழுந்தான். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்படி ஒரு சத்தம் போட்டார். கஷ்டப்பட்டு வாங்கிய முதல் மேலங்கிக்கு அவர் அப்படிக் கத்தவில்லை. அன்று ஹீலரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மைக்கைத் திறந்தார். “பாய்... நான்தான், சிரில்.”

“தெரியும்ணே. செத்ததும் மூணு கேள்விக்குறி போடுற செண்பகம் ஒலகத்துல வேற யாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரில் தொண்டையைச் செருமினார். “ஆன்டி, அன்னைக்கு நான் பேசுனது ரொம்பத் தப்பு. மன்னிச்சிருங்க.”

“அதுக்கென்னப்பா. அடுத்த வாரமும் வரியா? வாள் வீச ஆள் பத்தல.”

அன்று சாயங்காலமே ஷஹானாவுக்கும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். ‘மொதல்ல கண் டாக்டரப் பாருங்கண்ணே’ என்று பதில் வந்தது. திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. நியாயம்தானே?

சரி, மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. வாராவாரம் வீரம்மாவின் பக்கத்தில் நின்று சந்தோஷமாக வாள் வீசியவர், ஒரு நாள் வாழையிலை முன்னால் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“பாய், சுலபம் நல்லதுதான். நான் ஒத்துக்குறேன். ஆனா நேத்து புதுசா வந்த ஆளு ஒரு தடவகூடச் சாகாம மேலங்கிய வாங்கிட்டுப் போயிட்டான். சுலபத்துல ஆடுனாலும் கொஞ்சமாச்சும் கஷ்டப்பட வேணாமா?”

ஜெய்னுதீன் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அண்ணன் மகள் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோ கார் லைசென்ஸ் எடுத்து வந்தபோது, ‘இதெல்லாம் ஒரு ஓட்டா?’ என்று கேட்டது சிரில் அல்ல. முழங்கால் முடியாதவர்கள் ஏறப் பத்துமலைக் கோவிலில் தானாக நகரும் மின்படி வைத்தால் என்ன என்று யாரோ பேச்செடுத்தபோது, ‘அப்புறம் புண்ணியம் எங்கேருந்து வரும்?’ என்று முந்திக்கொண்ட வாயும் அவருடையதல்ல. யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று ‘அதானே!’ என்றவன் நான்.