நாலாம் பாகத்து லிஃப்ட்

அன்பும் பாசமும் நிறைந்த மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சௌக்கியம். உன் அக்காவும் சௌக்கியம், என்மேல்தான் கோபம். நீ அங்கே புது வேலையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடுதாசி.

விஷயம் என்னவென்றால், நம்ம வீடியோ கேமின் நாலாம் பாகம் வந்துவிட்டது. வந்த அன்றைக்கே வாங்கி, ஆசையாசையாகப் போட்டுப் பார்த்தால், நாயகனுக்கு வயதாகிவிட்டது மச்சான்! முதல் பாகத்தில் கூரைக்குக் கூரை தாவியவன், இப்போது ஒரு சுவரேறிக் குதித்தாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிறான். பார்க்கிற எனக்கு வலிக்கிறது. ஆனால் மழை பெய்கிற அழகென்ன, வாள் வீச்சென்ன, குதிரை மூச்சு விடுகிற சத்தமென்ன! மூன்றாம் பாகத்தில் சொதப்பியவர்கள் இவர்கள்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது. பாழடைந்த கோட்டையில் அந்த லிஃப்ட் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

விடிந்தால் அடைந்தால் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் கண்ணில் அது படலாமா? மரக்கூண்டு, நைந்துபோன கயிறு, பிரேக் என்ற பேச்சே இல்லை. இதில் ஒருத்தனை ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. சரி, பாறை வழியாகப் போகட்டும் என்று ஏற்றினேன், விழுந்து செத்தான். மறுபடி ஏற்றினேன், மறுபடி செத்தான். துணி மடித்துக்கொண்டிருந்த உன் அக்கா, "ஏங்க, லிஃப்டுக்குப் பயந்து அந்த மனுஷனை இன்னும் எத்தனை தடவை கொல்லுவீங்க?" என்கிறாள். வேறு வழியில்லாமல் கூண்டில் ஏற்றினால், அது ஒருத்தரால் ஆகிற காரியமில்லையாம், கீழே இன்னொரு ஆட்டக்காரர் நின்று கயிற்றுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டுமாம். உன் கன்ட்ரோலரைத்தான் நீ போகும்போது கோபத்தோடு பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாயே! கீழ்வீட்டுப் பல் டாக்டர் தன்னுடையதைக் கொண்டுவந்து உட்கார்ந்தார். பாதி உயரம் போனதும் அவருக்குப் போன் வந்தது. "சொல்லுங்கம்மா, எந்தப் பல்லு?"ன்னு கேட்டுக்கிட்டே கையை விட்டுட்டாரு. நம்ம ஆளு அம்போ! கேட்டா, "சாரி சார், பேஷன்ட்"ங்கிறாரு. தொபுக்கடீர்னு விழுந்தவன் பேஷன்ட் இல்லையா?

அப்பத்தான் மச்சான் உன் நெனப்பு வந்துச்சு. மூணு பாகமும் எனக்குக் கயிறு பிடிச்சவன் நீ. ஒரு தடவையாவது கையை விட்டிருப்பியா? மூணாம் பாகக் கடைசியில நாயகனோட கூட்டாளி, அதான் நாம பேரு வெச்சோமே மீசைன்னு, அவன் ஆத்துல விழுந்தான். "மீசை சாகலை அத்தான், பொணத்தைக் காட்டலையே"ன்னு நீ சொன்னே. "செத்துட்டான், ஒத்துக்கடா"ன்னு நான் கத்தினேன். அதுக்குப் போய் பேச்சையே நிறுத்திடறதா? லீவு போட்டுட்டு வா மச்சான். நீ இல்லாம வீடு வீடாவே இல்லை. ஆனா ஒண்ணு, மீசை செத்தது செத்ததுதான். அதுல நான் எறங்கி வரவே மாட்டேன்.

உன் கையும் காலும் கன்ட்ரோலரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வாழ்த்தும்,
உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் உன் அக்கா, "தள்ளுங்க, நான் சுத்தறேன்"னு டாக்டரோட கன்ட்ரோலரை எடுத்துக்கிட்டு உக்காந்தா. ஒரு குலுக்கல் இல்லாம மேல ஏத்திட்டா, நான் ரிப்பேர் பண்ற லிஃப்ட்கூட அப்படிப் போகாது. கூண்டுக் கதவு திறந்தது. எதிரே மீசை நிக்கிறான் மச்சான்! தலை நரைச்சுப் போச்சு, மீசை மட்டும் அப்படியே இருக்கு. நீ சொன்னதுதான் சரி. ஏதோ பேச வாயைத் திறந்தான், உன் அக்கா பட்டுன்னு ஆட்டத்தை நிறுத்திட்டா. "என் தம்பி வராம இவன் ஒரு வார்த்தை பேசக் கூடாது"ன்னுட்டா. டிவியை அணைக்கவும் விட மாட்டேங்கிறா. அவன் வாயைப் பிளந்துகிட்டு நிக்கிறதைப் பார்த்துட்டு, கீழ்வரிசையில ஒரு பல்லு சொத்தைன்னு டாக்டர் சொல்லிட்டுப் போறாரு. சீக்கிரம் வந்து அவனைப் பேச விடு.