தாராவியில் ஒரு தகரக் காடு

எங்கள் தெருவில் யாரும் எதையும் தூக்கி எறிய முடியாது. எறிந்த பொருள் தரையைத் தொடுவதற்குள் டப்பா டீச்சரின் கோணிப்பைக்குள் போய்விடும். தாராவியில் அறுபதுகளிலேயே பழைய சாமான் வியாபாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் பயந்தது இந்த ஒரு அம்மாளுக்குத்தான். அவர்கள் விற்பதற்காகப் பொறுக்கினார்கள். இவர் யானை செய்வதற்காகப் பொறுக்கினார்.

எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் டைப் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். சங்கத்துக்கு ஒரு தகரக் கொட்டகையும், அதன் பின்னால் பாதாம் மரம் நின்ற ஒரு காலி இடமும் உண்டு. அங்கேதான் டப்பா டீச்சர் பால்வாடி நடத்தினார். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருபது உருப்படிகள். அம்மாமார் தோல் கிடங்குக்கும் புளி கொட்டை எடுக்கவும் போய்விட்டு மத்தியானம் வந்து கூட்டிப் போவார்கள்.

டீச்சருக்குக் கோவில்பட்டிப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். அண்ணன் வீட்டில் இருந்தார். நல்ல உயரம். நடக்கும்போது கோணிப்பை தோளில் கலகலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் காலி டப்பாக்களை வாசலில் எடுத்து வைப்பார்கள். காலியாகாத டப்பாவுக்கும் பாதுகாப்பு கிடையாது. ஒரு நாள் காலை நான் பவுடர் பூசிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்.

"தம்பி, அந்த டப்பா எப்பத் தீரும்?"

"பாதி இருக்கே டீச்சர்."

"அதுவரைக்கும் எங்க ஒட்டகச்சிவிங்கி கழுத்து இல்லாம நிக்கணுமா?"

சொல்லிக்கொண்டே பவுடரை ஒரு செய்தித்தாளில் கொட்டி மடித்து என் கையில் கொடுத்தார். "பவுடர் ஒங்களுக்கு, டப்பா எங்களுக்கு." அந்த மாதம் முழுக்க நான் பொட்டலத்திலிருந்து பவுடர் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போனேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவரே ஒரு முறை சொன்னார். பிள்ளைகளுக்குச் சிங்கம் காட்டில் வாழும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பேச்சி என்ற நாலு வயதுக்காரி எழுந்து, "காட்டுக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும் டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் என்னன்னு சொல்லட்டும்? மாட்டுங்காவா, மாஹிமா? அதான், காட்டையே இங்க கொண்டாந்துருவோம்னு நெனச்சேன்."

கொண்டுவந்தேவிட்டார். எண்ணெய் டின் யானை. சிரட்டை ஆமை. கிழிந்த சைக்கிள் ட்யூபில் பாம்புகள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுருட்டி மீன். பாதாம் மரம் சிவந்து உதிர்க்கும் பெரிய இலைகள் எல்லாம் மயிலுக்குத் தோகையாகிவிடும். ஆணி வைத்து ஓட்டை போடுவதும், தகரத்தின் கூர் முனையை மடக்கித் தட்டுவதும் மட்டும் டீச்சர் வேலை. ஒட்டுவது, கட்டுவது, வர்ணம் அப்புவது எல்லாம் பிள்ளைகள். அதனால் எந்த மிருகமும் கடவுள் படைத்த மாதிரி இருக்காது. சிங்கத்துக்கு மூன்றே கால் இருப்பதை நான் சுட்டிக் காட்டினேன்.

"இருக்கட்டும் தம்பி. அது என்ன, ஒங்கள மாதிரி எட்டே காலு வண்டியப் பிடிக்க ஓடவா போவுது?"

தினமும் பத்து மணிக்குக் காடு திறக்கும். பிள்ளைகள் மிருகங்களை மரத்தடியில் இழுத்துப்போட்டு விளையாடுவார்கள். ஒருவன் வேட்டைக்காரன், ஒருத்தி யானை வைத்தியர், ஒருவன் வெறும் மழை. மழையாக இருப்பவனுக்கு வேலை, எல்லோர் தலையிலும் இலையைப் போடுவது.

எல்லாம் முதலையால் கெட்டது.

கோணியில் வைக்கோல் அடைத்து, பச்சை வர்ணம் பூசி, சோடா மூடிகளைப் பல்லாக வைத்து ஆறடி நீளத்துக்கு ஒரு முதலை செய்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளம்தான் ஆறு. ஜூன் மாதத்தில் முதல் மழை கொட்டிய காலையில் அந்த ஆறு நிஜ ஆறாகி, முதலையைத் தூக்கிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் விட்டது. தேங்கிய தண்ணீரில் வாயைத் திறந்தபடி மிதந்து வந்த அதை முதலில் பார்த்தவர் வடக்கத்திப் பால்கார பையா ஒருவர். "மகர்மச்! மகர்மச்!" என்று கத்திக்கொண்டு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். பஸ் நின்றது. மாஹிம் கழிமுகத்திலிருந்து முதலை ஏறி வந்துவிட்டதாகவும், ஏற்கெனவே ஒரு ஆட்டைத் தின்றுவிட்டதாகவும் அரை மணி நேரத்தில் தாராவி முழுக்கச் செய்தி. மராட்டிக்கார ஹவல்தார் ஒருவர் லத்தியோடு வந்து, கண்ணை மூடிக்கொண்டு நாலு சாத்து சாத்தினார். சோடா மூடிகள் தெறித்து விழுந்தன.

அதற்குள் பேச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, "எங்க முதலைய அடிக்காதீங்க!" என்று அதன் மேல் விழுந்து அழுதாள். பின்னாலேயே புடவையைத் தூக்கிச் செருகியபடி டீச்சர். அவர் அறிந்த இந்தி அவ்வளவையும் திரட்டி, "ஹவல்தார் சாப், மத் மாரோ! யே பச்சா ஹை!" என்றார். குழந்தை என்று அவர் சொன்னது பேச்சியை. ஹவல்தார் முதலையைப் பார்த்தார்.

"கிஸ்கா பச்சா?" யார் குழந்தை என்று கேட்டார்.

"ஹமாரா!" எங்களுடையது என்றார் டீச்சர்.

கூட்டம் சிரித்த சிரிப்பு சயான் வரைக்கும் கேட்டிருக்கும்.

சிரிக்காத ஒரே ஆள் எங்கள் சங்கத் தலைவர் அண்ணாச்சி. மளிகைக் கடைக்காரர். குரலெடுத்தால் மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிடுவார்கள். "போலீசு வாசலுக்கு வந்துட்டுல்லா! பம்பாயே நம்மளப் பாத்துச் சிரிக்கி. இனி பால்வாடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த எடத்துல சங்கத்துப் பாத்திரத்தப் போட்டுப் பூட்டும்வே" என்றார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் அடித்து நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. இங்கிலீஷில் அடித்தேன். தமிழில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

சனிக்கிழமை ஆபீஸுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லி வைத்துவிட்டு, நோட்டீஸைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பத்து மணிக்குப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்திய. மழையில எங்க யானை துருப்பிடிச்சுப் போச்சு. செத்த நேரம் யானையா இருங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி இரண்டு பாதாம் இலைகளைச் சணல் கயிற்றில் கோத்து என் காதில் மாட்டிவிட்டாள். ஆபீஸ் பேன்ட்டோடு ஈரத் தரையில் நாலு காலில் நின்றேன். எனக்குக் காய்ச்சல் என்று முடிவானது. வயிற்றைத் தட்டிப் பார்த்த வைத்தியர் என் சட்டைப் பையில் கை விட்டாள்.

"டீச்சர், யானை காயிதத்தத் தின்னுருக்கு!"

டீச்சர் வாங்கிப் பிரித்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. காகிதத்தைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"எப்பக் காலி பண்ணணும்?"

"மாசக் கடைசி" என்றேன், காதில் இலையோடு.

காகிதத்தை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல கெட்டித் தாளு. ஏட்டி பேச்சி, இதுல கொக்கு மடிப்போமா?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மடிக்கும்போது மட்டும் கொக்கின் கழுத்து இரண்டு தரம் கோணிப்போயிற்று.

நோட்டீஸ் கொடுத்தாயா என்று அண்ணாச்சி கேட்டார். "குடுத்தேன். கொக்காயிட்டு" என்றேன். அவர் திங்கட்கிழமை காலையில் தானே கிளம்பிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

"ஏய் டீச்சர்!" என்று வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டார். உள்ளேயிருந்து இருபது விரல்கள் இருபது உதடுகளில் ஏறின. "உஷ்! முயல் தூங்குது."

பஞ்சுக் காது கட்டிய மூன்று வயதுப் பையன் ஒருவன் சாக்கின் மேல் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணாச்சிக்குக் குரலை இறக்குவதைத் தவிர வழியில்லை. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ரகசியக் குரலில் திட்டினார்.

"சங்கத்து மானம் போச்சும்மா" என்று கிசுகிசுத்தார்.

"போச்சு அண்ணாச்சி, தப்புதான்" என்று டீச்சரும் கிசுகிசுத்தார். "ஒண்ணு மட்டும் கேக்கேன். போன வருசம் தோல் கிடங்குல சுண்ணாம்புத் தொட்டிக்குள்ள விழுந்தானே ஒரு பய, அவன் அம்மா வேலைக்குப் போயிருந்தா. இந்தப் பிள்ளைகளும் மத்தியானம் வரைக்கும் எங்கன நிக்கும்? நீங்களே ஒரு எடத்தக் காட்டுங்க, கூட்டிட்டுப் போயிருதேன்."

அந்தப் பையனைத் தொட்டியிலிருந்து தூக்கிப் போனவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அப்போது முயல் விழித்துக்கொண்டது. கண்ணைக் கசக்கி, எதிரே நின்ற பெரிய உருவத்தை மேலும் கீழும் பார்த்தது.

"நீங்க என்ன மிருகம்?"

அண்ணாச்சி நிதானமாக யோசித்தார்.

"கரடி" என்றார்.

மறுநாள் அவர் கடையிலிருந்து ஒரு கைவண்டி நிறையக் காலி டின்களும் அட்டைப் பெட்டிகளும் வந்து இறங்கின. கூடவே ஒரு கயிறு. முதலையை மரத்தில் கட்டிப்போட வேண்டும் என்று உத்தரவு.

காடு இன்னும் நாலு வருஷம் நடந்தது. பிறகு டீச்சரின் அண்ணனுக்கு அம்பர்நாத்தில் வேலை கிடைத்து, அவரும் கூடப் போக வேண்டியதாயிற்று. கொட்டகையைத் தோல் கிடங்குப் பெண்களில் ஒருத்தி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வழியனுப்பத் தாதர் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். லோக்கல் வண்டியில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர்தான் அம்பர்நாத். ஆனாலும் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். காரணம் எழுது என்றார் ஹெட்கிளார்க். பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்து, 'எங்கள் வீட்டு மனுஷி ஒருவர் ஊருக்குப் போகிறார்' என்று எழுதிக் கொடுத்தேன்.