கிரேன் காட்டிய ஸ்டாப்

பந்தைக் காலால ஒரு தடவகூடத் தொடாம ஒரு கால்பந்து டீமைக் கரை சேக்கவும் முடியும், அதே டீமைக் கவுக்கவும் முடியும்னு காட்டின ஒரே மனுஷன், எங்க கிரேன். அப்பா அம்மா வெச்ச பேரு வேற. டைம் ஆபீஸ் கிளார்க்கான எனக்கே அதை ரிஜிஸ்டர்ல பாத்தாத்தான் ஞாபகம் வரும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில எங்களுது பெரிய ஷெட். இரும்புத் தூணு, உத்தரம் செய்யுற வேலை. கூரைக்குக் கீழ தண்டவாளத்துல கிரேன் ஓடும். அதோட கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருபது வருஷமா உக்காந்துக்கினு இருக்கறவரு அவரு. நாஷ்டா பொட்டலத்தோட காலைல ஏறினா மத்தியான சாப்பாட்டுக்குத்தான் தரையில கால் வைப்பாரு. தரை அவருக்கு அவ்வளவா ஒத்துக்காது.

நான் வேலைக்குச் சேந்த மொத நாளு, ரிஜிஸ்டரைப் புரட்டிக்கினே ஷெட்டுக்குள்ள நடந்தேன். காது கிழியிற மாதிரி ஹாரன். அண்ணாந்து பாத்தா என் மண்டைக்கு நேரா ஒரு இரும்பு உத்தரம் ஊஞ்சலாடுது. மேலேருந்து குரல் வந்துச்சு.

"யோவ் ரிஜிஸ்டரு! லோடு கீழ இன்னாய்யா வேல உனக்கு? சாவணும்னா உன் ஊட்டாண்ட போய் சாவு. என் கிரேனுக்குக் கீழ சாவாத!"

ரிஜிஸ்டரை மார்ல அணைச்சுக்கினு ஓரமா ஓடினேன். அன்னிக்குப் பேரு வெச்சதுதான், இன்னிக்கு வரைக்கும் நான் ரிஜிஸ்டரு. அதுக்கப்புறம் ஷெட்டுக்குள்ள அண்ணாந்து பாத்துக்கினே நடந்து நடந்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

மேலேருந்து பாத்தா ஷெட்டு அவருக்கு ஃபுட்பால் கிரவுண்டா தெரியுமாம். வெல்டரைப் பாத்து, "லெஃப்ட் பேக்கு, எடத்தை உட்டு நகராத"ன்னு கத்துவாரு. அந்த வெல்டரு பந்தையே பாத்ததில்ல. ஒரு வருஷத்துல அவனும் நெஜமாவே லெஃப்ட் பேக் ஆயிட்டான். கம்பெனிக்குப் பின்னாடி காலி மனையில இப்படித்தான் டீம் மொளைச்சுது. கோல்கீப்பர் ஆரணிக்காரன் டேவிட், ஃபிட்டர். கோல் அடிக்கிறவன் ஒடிசாவுலேருந்து வந்த பிபின். கொக்கியில சங்கிலி மாட்டி கிரேனுக்குக் கைகாட்டுறது அவன் வேலை.

கோச்சுன்னா கோட்டோரமா நிப்பாங்க இல்ல? நம்ம ஆளு மனைக்குப் பக்கத்துல இருந்த தண்ணித் தொட்டி மேல ஏறிக்குவாரு. "கீழேருந்து பாத்தா எல்லாம் காலாத்தான் தெரியுது ரிஜிஸ்டரு. ஆட்டம் மேலேருந்துதான் தெரியும்"னுவாரு. அங்கேருந்து கத்தினா காதுல விழாது. அதனால எல்லாமே கிரேன் கைஜாடைதான். ஒத்தை விரலைச் சுத்தினா பந்தைத் தூக்கு. கையை மடக்கினா பின்னால வா. தமிழு, ஒடியா, தெலுங்குன்னு டீம்ல ஆளுக்கொரு பாஷை பேசினாலும் இந்த ஜாடை தெரியாதவன் கெடையாது.

இதுல ஒரு ஜாடைக்கு மட்டும் தனி மரியாதை. ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சா எமர்ஜென்சி ஸ்டாப். யாரு காட்டினாலும், எதுக்குக் காட்டினாலும், எங்க ஷெட்டுல கேள்வி கேக்காம நிக்கணும். பாத்தவன் தானும் கையை விரிச்சு அடுத்தவனுக்குக் காட்டணும். ஒரு தடவ மனைக்குள்ள எருமை ஒண்ணு பூந்துடுச்சு. கிரேன் கையை விரிச்சாரு. எருமை ஆற அமர மேஞ்சு முடிக்கிற வரைக்கும் பதினோரு பேரும் கையை விரிச்சபடி நின்னானுங்க. நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்பவே அழுதிருக்கணும்.

பந்தை உதைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவ அண்ணாந்து தொட்டியப் பாத்துக்கணும்ங்கறது அவரு போட்ட சட்டம். வெளியூரு டீமுங்க, இவனுங்க ரொம்ப சாமி பக்தி உள்ளவனுங்கன்னு நெனச்சுக்கினாங்க.

அப்பத்தான் தாய்லாந்துல ஒரு போட்டின்னு சேதி வந்துச்சு. ஆட்டத்துக்குக் காசு வாங்காத அமெச்சூர் டீமுங்க மட்டும், நாட்டுக்கு நாடு, வட்டாரத்துக்கு ஒண்ணா வந்து ஆடுற சர்வதேசப் போட்டி.

"காசு வாங்காதவன்தான் ஆடணுமாம் ரிஜிஸ்டரு! நம்ம பசங்களுக்கு வேலைக்கே காசு ஒழுங்கா வர்றதில்ல. நம்மள உட்டா எவன் இருக்கான்?"ன்னு குதிச்சாரு.

பேஜாரு அங்க ஆரம்பிச்சுது. பதினோரு பேரும் மூணு ஷிஃப்டுல செதறிக் கெடந்தானுங்க. டேவிட்டும் பிபினும் ஒரே டீம்ல இருந்தும் வாரநாள்ல ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறதே இல்ல. ஷிஃப்டு மாத்தி மாத்திப் போட்டு நான் மேனேஜர்கிட்ட வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்ல. பாஸ்போர்ட்டுக்கு எல்லாரையும் இழுத்துக்கினு அலைஞ்சேன். டேவிட் பொண்டாட்டி டைம் ஆபீசுக்கே வந்துட்டாங்க.

"அண்ணே, தாய்லாந்துக்கு ஃபுட்பால் ஆடத்தான் போறாங்களா? பைபிள் மேல கை வெச்சு சொல்லுங்க."

சொன்னேன். எனக்கே நம்பிக்கையில்லாமதான் சொன்னேன்.

ஆனா ஜெயிச்சுக்கினே வந்தானுங்க சார்! கடைசித் தகுதி ஆட்டம், திருப்பாச்சூர் தாண்டி ஒரு காலேஜ் கிரவுண்டுல. ஜெயிக்கிற டீம் தாய்லாந்து. கிரேனும் பாஸ்போர்ட்டு எடுத்து, இஸ்திரி போட்ட சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கினு வந்திருந்தாரு. அவங்க குடும்பத்துலயே மொத பாஸ்போர்ட்டு அது. வேன்ல வர்ற வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினாரு.

கிரவுண்டாண்ட தண்ணித் தொட்டி இல்ல. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால பாதி கட்டின கட்டடம், அதுல மரச்சாரம். விறுவிறுன்னு ஏறிட்டாரு. ரெஃப்ரி விசில் அடிச்சு, "கோச் அவருக்குப் போட்ட கட்டத்துக்குள்ளதான் இருக்கணும்"னாரு.

மேலேருந்து பதில் வந்துச்சு. "கோச்சு நானில்ல சார். அதோ நிக்கிறாரே, ரிஜிஸ்டரு, அவருதான்!"

எனக்கு கார்னர்னா இன்னான்னுகூடத் தெரியாது. சுண்ணாம்புக் கட்டத்துக்குள்ள நின்னு வேர்த்து வழிஞ்சேன்.

கோலே விழாம ஆட்டம் இழுத்துக்கினே போச்சு. முடிய நாலு நிமிஷம். பிபின் அடிச்ச பந்து கம்பத்துல பட்டு அவன் காலுக்கே திரும்பி வந்துச்சு. எதிர்டீம் தடுப்பாளுங்க கும்பலா நிக்கறானுங்க, நடுவுல சந்து. எனக்கு வெறும் கோல் தெரியுது, கோல்கீப்பரையே காணோம்!

"அடிடா பிபினு!"ன்னு கத்தினேன். என் ஆயுசுல அப்படிக் கத்தினதில்ல.

பிபின் காலைத் தூக்கினான். பழக்க தோஷம், ஒரு தடவ அண்ணாந்து பாத்தான்.

சாரத்து மேல கிரேன் ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறாரு.

தூக்கின காலு தூக்கினபடி பிபின் நின்னுட்டான். கையை விரிச்சான். அடுத்தவன் விரிச்சான். அதுக்கடுத்தவன். நடு கிரவுண்டுல நம்ம ஆளுங்க பதினோரு பேரும் சோளக்கொல்லை பொம்மை மாதிரி நிக்கிறானுங்க. எதிர்டீம் பையன் ஒருத்தன் ஒண்ணும் புரியாம பந்தை எடுத்துக்கினு ஓடினான். யாரும் தடுக்கல. கோல்ல டேவிட் கையை விரிச்சுத்தான் நின்னான், ஆனா அசையல. பந்து அவன் பக்கத்துலயே உருண்டு உள்ள போச்சு.

அவ்வளவுதான். முடிஞ்சுது. தலையில கை வெச்சு அந்தச் சுண்ணாம்புக் கட்டத்துலயே உக்காந்துட்டேன்.

அப்புறம்தான் பாத்தேன். தடுப்பாளுங்க காலுக்கு நடுவுலேருந்து எதிர்டீம் கோல்கீப்பர் எந்திரிச்சு வர்றான். வழுக்கிக் குப்புற விழுந்து கெடந்திருக்கான். பிபின் உதைக்க இருந்த பந்தை ஒட்டி அவன் தலை. அண்ணாந்து பாத்த பிபினுக்கும் தெரியல, கட்டத்துல நின்ன எனக்கும் தெரியல.

அந்த ஒரு கோல்ல தோத்துட்டுத் திரும்பி வர்ற வழியில புதுவாயல்ல டீக்கு நிறுத்தினப்பத்தான் பிபின் வாயைத் திறந்தான். "அண்ணா, கோல் காலி இருந்துச்சு."

"காலிதான்டா நைனா. கீழ தலை இருந்துச்சே"ன்னாரு கிரேன்.

எனக்கு ஆத்திரம் தாங்கல. "ஒண்ணும் ஆவலயே! சட்டையத் தட்டிக்கினு எந்திரிச்சுப் போனானே!"

"போனான் இல்ல? அப்ப ஸ்டாப் கரெக்டா வேல செஞ்சிருக்குது"ன்னாரு. சொல்லிட்டு டீயைக் குடிக்காம வெச்சிட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. பாக்கெட்டுலேருந்த பாஸ்போர்ட்டை எடுத்து, ஒரு முத்திரைகூட விழாத பக்கத்தையெல்லாம் ஒவ்வொண்ணா புரட்டினாரு. எனக்கும் அழுகை வந்துச்சு, மூஞ்சியத் திருப்பிக்கினேன்.

திங்கட்கிழமை ஷெட்டுல அவருகிட்ட ஒருத்தனும் பேசல. மத்தியானம் அவரு கீழ எறங்கவும் இல்ல. கொக்கியில சங்கிலி மாட்டிட்டு பிபின் ரொம்ப நேரம் சும்மா நின்னான். எங்க, கையே காட்டாம போயிடுவானோன்னு எனக்கு திக்குன்னு இருந்துச்சு. அப்புறம் மெதுவா அண்ணாந்து பாத்து, ஒத்தை விரலைச் சுத்தினான். கிரேன் தூக்கினாரு.

இப்ப நான் ஷெட்டுக்குள்ள போனா மொதல்ல வாசல்ல நின்னு மேல யாருன்னு பாப்பேன். வேற ஆளு இருந்தா பழையபடி அண்ணாந்துக்கினே நடப்பேன், கழுத்து வலிக்கும். அவரு இருந்தா, ரிஜிஸ்டரைப் புரட்டிக்கினே போவேன்.