நாட்டுக்கே ஒரு மைத்துனர்

ஏழ்குவட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. இன்றைய வரைபடத்தில் தேடி ஏமாற வேண்டாம். வரைபடம் வரைகிறவர்களுக்கும் அந்த நாட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம். அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிடுபவர் மன்னர் எழிற்கோ ஒருவரே என்பதால் தேர்தலில் அடிதடியோ, முடிவு சொல்வதில் தாமதமோ ஏற்பட்டதில்லை. அக்கம்பக்கத்து நாடுகள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக அரண்மனையில் சொல்லிக்கொண்டார்கள்.

ஒருமுறை கடல் தாண்டி வந்த அறிஞர்கள் சிலர் அந்நாட்டின் தேன்வரை என்ற மலைக்காட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். இருவாச்சி, சோலைமந்தி, வரையாடு, இலைக்கடியில் விரல்நுனி அளவுக்கு உட்கார்ந்திருக்கும் தவளை என்று வியந்துகொண்டே போனவர்கள், "இத்தனை வகை உயிர்கள் இப்படி நெருக்கியடித்து வாழும் இடங்கள் உலகத்தில் மிகச் சில. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மன்னரிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறினார்கள். அப்படி ஒரு மலை தன் நாட்டில் இருப்பதே மன்னருக்கு அன்றுதான் தெரியும். உடனே அதற்கு 'உயிர்ப்பெட்டகம்' என்று பெயர் சூட்டி, அடிவாரத்தில் தன் உருவம் பொறித்த மாபெரும் மரவளைவு ஒன்றை எழுப்பினார். வளைவுக்கான மரங்களை அதே மலையிலிருந்து வெட்டிக்கொண்டார்கள்.

அந்த மலையில்தான் நஞ்சன் வாழ்ந்தான். அவனுடைய ஆட்கள் செங்குத்துப் பாறைகளில் தொங்கும் மலைத்தேனை எடுப்பவர்கள். உச்சியில் உள்ள மரத்தில் கயிற்றைக் கட்டி ஒருவன் கீழே இறங்குவான். பாறை விளிம்பில் உரசி அறுந்துவிடாதபடி கயிற்றை நகர்த்திக் கொடுக்கவும், தேன்கூடையை இழுக்கவும், ஏதாவது ஆகிவிட்டால் தாங்கிப் பிடிக்கவும் மேலே ஒருவன் வேண்டும். அவன் இறங்குகிறவனின் மனைவியோடு பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். அண்ணன் தம்பி கூடாது. பங்காளிகளுக்குள் ஆயிரம் வருத்தம் இருக்கும். சிநேகிதனும் கூடாது, சிநேகம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். மச்சினன் கை தளர்ந்தால் தாலி இழப்பது அவனுடைய அக்காவோ தங்கையோ. அதனால் அந்தக் கை தளராது.

நஞ்சனின் மனைவி மாதி. மாதியின் தம்பி கெம்பன். இந்தக் கெம்பன் வாய் திறந்தால் மூடமாட்டான். நஞ்சன் அந்தரத்தில் தேனீக்களுக்கு நடுவே தொங்கும்போதும் மேலேயிருந்து ஊர்வம்பு பேசிக்கொண்டே கயிறு விடுவான். "கொஞ்சம் சும்மா இரேன்டா" என்று நஞ்சன் கத்தாத நாளில்லை.

பெயர் சூட்டிய கையோடு முதல் ஆணை வந்தது. உயிர்ப்பெட்டகத்தில் உயிர்கள் மட்டுமே வசிக்கலாம். மனிதர்களும் உயிர்கள்தானே என்று சபையில் ஓர் அதிகாரி கேட்டாராம். அவரை உப்பளத் துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆணையை அறிவிக்க உயிர்வள அமைச்சர் சதுர்மதியார் பல்லக்கில் மலையேறி வந்தார்.

"மக்களே! தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டை நீங்கள் காத்தீர்கள். அதற்காக மன்னர் உங்களைப் பாராட்டுகிறார். இனி இந்தக் காட்டை உங்களிடமிருந்து காக்க வேண்டிய பொறுப்பை அரசு ஏற்றுக்கொள்கிறது. சமவெளியில் தகரக்கூரை வேய்ந்த இல்லங்கள் தயார்" என்றார். "ஆயினும், தேன் இறக்கும் உங்கள் பாரம்பரியமும் அரிதான ஒன்று என்று மன்னர் கருதுகிறார். ஆகவே மாதிரிக்கு ஒருவரை மட்டும் இங்கே விட்டுவைப்போம்."

"புருசன் பொஞ்சாதியா இருக்கலாமுங்களா?" என்று மாதி கேட்டாள்.

"ஜோடியாக விட்டால் பெருகிவிடும் அம்மா. பிறகு அதற்கு வேறு ஓர் ஆணை போட வேண்டிவரும்."

அமைச்சர் ஒரு நம்பிக்கையும் தந்தார். வரும் தேன் விழாவில், மன்னரின் முன்னிலையில், வழக்கம் மாறாமல் தேன் இறக்கிக் காட்ட வேண்டும். பாரம்பரியம் உயிரோடு இருப்பது நிரூபணமானால், எல்லோரையும் மலைக்குத் திரும்ப அழைப்பதைப் பற்றி மன்னர் பரிசீலிப்பார். எல்லோரும் நஞ்சனைப் பார்த்தார்கள். பாறையிறங்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மாதி அழுகையை விழுங்கிக்கொண்டு, "நீங்க இருங்க. நாங்க அத்தனை பேரும் திரும்பி வரணுமில்ல" என்றாள். அவர்கள் மூட்டைமுடிச்சோடு இறங்கிப் போனார்கள். நாய்கள்கூட அவர்களோடு போய்விட்டன.

காட்டில் தனியாக இருப்பது நஞ்சனுக்குப் புதிதல்ல. ஆளில்லாத ஊரில் தனியாக இருப்பதுதான் புதிது. காற்றில் ஏதாவது வீட்டின் படல் அசைந்தால் எழுந்து போய்ப் பார்ப்பான். பார்த்துவிட்டு வெட்கத்தோடு திரும்புவான்.

அடிவாரத்தில் அரசு போட்டிருந்த கம்பிவேலிவரை போனால் மாதியைப் பார்க்க முடிந்தது. அவள் ராகிக்களியை இலையில் சுற்றிக் கம்பிக்கு இடையே நீட்டுவாள். இரண்டாவது ஆணை அதை நிறுத்தியது: வெளி உணவால் அரிய உயிருக்கு நோய் வரலாம். சரி, பேசவாவது பேசலாம் என்றிருந்தபோது மூன்றாவது ஆணை வந்தது. வேலியை யாரும் நெருங்காதபடி அதற்கு வெளியே ஒரு தடுப்புப் பட்டை, அதற்கு அப்பால் இன்னொரு வேலி. இருவரும் கத்திப் பேசிக்கொண்டார்கள். கத்தினால் இருவாச்சிகள் முட்டையிட மறுக்கின்றன என்று நான்காவது ஆணை போட்டார்கள். அந்தப் பட்டையில் அமைச்சர் பெருமக்கள் தங்கிச் செல்ல ஒரு விடுதி எழும்பியது. அங்கே முழங்கிய மேளதாளத்தைப் பற்றி இருவாச்சிகள் புகார் எதுவும் கொடுக்கவில்லை போலும்.

அதற்குப் பிறகு மாதி தூரத்தில் ஒரு புடவையாகத்தான் தெரிந்தாள். வாயசைப்பது தெரியும். என்ன சொன்னாள் என்று யோசித்துக்கொண்டே நஞ்சன் மேலேறுவான். தீ மூட்டக் கூடாது என்று ஐந்தாவது ஆணை வந்துவிட்டதால் குடிசையும் இருட்டு, கிழங்கும் பச்சை. கொஞ்ச நாளில் அவன் கெம்பனின் குரலில் தனக்குத்தானே ஊர்வம்பு பேச ஆரம்பித்தான். பேசுவதற்கு ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதால் பழைய வம்பையே திரும்பத் திரும்பப் பேசினான். கெம்பன் மேல் அவனுக்கு இவ்வளவு ஆசை இருந்தது கெம்பனுக்கே தெரிந்திருக்காது.

விழா நெருங்கியது. ஏற்பாடுகளைப் பார்க்க வந்த சதுர்மதியாரிடம் நஞ்சன் சொன்னான்: "சாமி, கயித்தப் புடிக்க என் மச்சினன் வேணுமுங்க. கெம்பன ஒரு நாளைக்கு மட்டும் மேல விடுங்க."

"அவர் இப்போது சமவெளிவாசி. சமவெளிவாசி காட்டில் கயிறு பிடிப்பது அத்துமீறல். காவலர் ஒருவரைத் தருகிறோம்."

"அவரு எனக்கு மச்சினன் இல்லீங்களே. வழக்கம் மாறக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

இந்தச் சிக்கல் அரசவைக்குப் போனது. சபை காரசாரமாக விவாதித்தது. காவலருக்கு மைத்துனர் பதவி கொடுக்கலாம் என்றார் ஒருவர். பதவிக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்றார் மற்றொருவர். மன்னர் கையமர்த்தினார். அவருக்கு ஏற்கெனவே நாட்டின் தந்தை, நதிகளின் அண்ணன், மழையின் தாய்மாமன் என்று பட்டங்கள் இருந்தன.

"இந்த நாட்டுப் பெண்கள் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள். ஆகவே ஆண்கள் அனைவருக்கும் நான் மைத்துனன். நானே கயிறு பிடிப்பேன்" என்றார்.

சபையில் பலருக்குக் கண்ணீர் வந்தது. வராதவர்கள் துண்டால் கண்ணை மூடிக்கொண்டார்கள். மரத்தில் கயிறு கட்டுவது மரத்தைத் துன்புறுத்துவதாகும் என்று அதே மூச்சில் ஆறாவது ஆணையும் நிறைவேறியது. கயிறு மன்னரின் கையில் மட்டுமே இருக்கும். துணைக்குப் பின்னால் நான்கு காவலர்கள் பிடிப்பார்கள்.

விழா நாளில் தேன்வரை உச்சியில் பந்தல், தோரணம், ஓவியர்கள். கைதட்ட ஆள் வேண்டுமே என்று சமவெளியிலிருந்து நஞ்சனின் ஆட்களையே வண்டி வண்டியாக ஏற்றி வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலமும் கொடியும் கொடுத்து மூங்கில் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். மாதி மெலிந்திருந்தாள். கெம்பன் கையிலும் ஒரு கொடி இருந்தது.

நஞ்சன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மன்னரைக் கும்பிட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாமி, தப்பா நெனைக்கக் கூடாது. நான் கீழ விழுந்தா உங்க வீட்டுல ஆரு தாலி அறுப்பாங்க?"

சதுர்மதியார் முன்னால் வந்து, "நாடே அழும்" என்றார்.

நாடு எப்போது அழுது பழகியது என்று நஞ்சனுக்குத் தெரியவில்லை. தடுப்புக்குப் பின்னால் நின்ற மாதியை ஒருமுறை பார்த்தான். இதைச் செய்யாவிட்டால் அவள் தகரக்கூரைக்கே திரும்பிப் போவாள். அவன் பாறை விளிம்பில் காலை வைத்து இறங்கினான்.

பாதி தூரம் இறங்கி, கூட்டுக்குப் பக்கத்தில், விழாவுக்கென்று அன்று மட்டும் அனுமதித்த புகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது மேலே "மைத்துனர் வாழ்க!" என்று முழக்கம் எழுந்தது. மன்னர் மக்களை மதிப்பவர். வாழ்த்தினால் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிடுவார். மன்னர் கை தூக்கினால் காவலர் கைகள் தாழ்ந்திருக்கக் கூடாது என்பது பழைய சட்டம். பத்துக் கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின.

நஞ்சனுக்குக் கீழே காற்று திறந்துகொண்டது. அவன் விழுந்தான். மாதியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவனின் இடுப்பைக் கயிறு சுரீரென்று வெட்டி நிறுத்தியது. பாறையில் மோதி, முழங்கை உரிந்து, அப்படியே ஆடிக்கொண்டு தொங்கினான். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"புடிச்சிட்டேன் மச்சா! மரத்துல சுத்திட்டேன், பயப்படாத! உனக்கு ஒண்ணு தெரியுமா, அந்தக் கடைசி வீட்டு பெள்ளியோட மக இருக்காளே..."

நஞ்சன் பாறையில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதான். எத்தனையோ மாதமாக அவனுக்காக யாரும் பேசியிருக்கவில்லை. "சும்மா இருடா" என்று சொல்ல அவனுக்கு மனமே வரவில்லை. வம்பு முடியும்வரை மெதுவாகத் தேனை அறுத்தான்.

கூடை நிறையத் தேனோடு அவன் மேலேறி வந்தபோது கயிறு மன்னரின் கைகளில் இருந்தது. ஓவியர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். தடுப்புக்குப் பின்னால் ஒருவருமில்லை. சோற்றுப் பொட்டல இலைகள் மட்டும் கிடந்தன.

"கெம்பன் எங்கீங்க?"

"யார் கெம்பன்?" என்றார் சதுர்மதியார். "மரத்தில் கயிறு சுற்றிய குற்றவாளி ஒருவனைக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். அதை விடு. உனக்கு நல்ல செய்தி. பாரம்பரியம் உயிரோடு இருப்பது நிரூபணமாகிவிட்டது."

"அப்ப எல்லாரும் திரும்பி வருவாங்களா?"

"அவர்கள் எதற்கு? ஒரு நஞ்சனும் ஒரு மன்னரும் இருந்தாலே பாரம்பரியம் பிழைத்துக்கொள்ளும் என்பதைத்தானே நீ இன்று காட்டினாய்?"

நஞ்சன் கூடையைக் கீழே வைத்தான். பல்லக்குகள் இறங்கிப் போகும்வரை அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். மைத்துனரைப் போற்றி அன்று சமவெளியில் கிளம்பிய ஊர்வலத்தின் சத்தம் மலைவரைக்கும் கேட்டது.

அதன்பிறகு மன்னரின் கருணை நாடெங்கும் பரவியது. நஞ்சனைக் காத்த கை எல்லோரையும் காக்கும் என்று ஏழாவது ஆணை வந்தது. குடிமக்கள் ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு காப்புக்கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். மறுமுனை அரண்மனையில், மன்னரின் கையில். வயலிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. நடப்பது சிரமமாக இருந்தாலும் விழுந்துவிடும் பயம் போய்விட்டதாக எல்லோரும் சொன்னார்கள்.

தேர்தல் வந்தது. காட்டிலிருக்கும் ஒற்றை வாக்காளரையும் அரசு மறக்கவில்லை என்று காட்டுவதற்காகத் தேர்தல் அதிகாரி பிரணதன் என்பவர் வாக்குப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு தேன்வரைக்கு ஏறி வந்தார். அவர் இடுப்பிலிருந்து கயிறு புதர்களுக்குள் இழுபட்டுக்கொண்டே வந்தது.

ஆளைக் கண்டதும் நஞ்சனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினான். சுனைத்தண்ணீரும் நெல்லிக்காயும் கொடுத்தான்.

"கீழ என் பொஞ்சாதி மாதிய பார்த்தீங்களா சாமி? கெம்பன்னு ஒருத்தன், ஓயாம பேசுவான்..."

"அந்தப் பக்கம் நான் போனதில்லப்பா. சீக்கிரம் ஓட்டப் போடு, இருட்றதுக்குள்ள எறங்கணும்."

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க சாமி."

பிரணதன் மனசு கேளாமல் உட்கார்ந்தார். நஞ்சன் அவருடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதென்னங்க கயிறு?"

"இது தெரியாதா? மன்னர் புடிச்சிருக்கார். நான் எங்க தடுக்கி விழுந்தாலும் தாங்கிக்குவார்."

"அவரோட அக்கா தங்கச்சி ஆரையாச்சும் நீங்க கட்டியிருக்கீங்களா?"

பிரணதன் வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவு வெகுளியான ஆளை அவர் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே, விளையாட்டுக்கு, கயிற்றை லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். அது வந்தது. இன்னொரு முறை இழுத்தார், வந்தது. அவர் சிரிப்பு நின்றது. எழுந்து நின்று இரண்டு கைகளாலும் இழுக்க ஆரம்பித்தார். சருகும் முள்ளும் மண்ணுமாகக் கயிறு தடங்கலே இல்லாமல் வந்துகொண்டே இருந்தது, அவர் காலடியில் சுருண்டு சுருண்டு விழுந்தது, கடைசியில் பிரிந்துபோன நுனியும் வந்து சேர்ந்தது.