எந்த நாளைன்னு போடலையே

மதிப்பிற்குரிய சம்பந்தி கிருஷ்ணப்பன் அவர்களுக்கு,

ஓசூரிலிருந்து வெள்ளைச்சாமி கைகூப்பி எழுதுவது. சம்பந்தி என்று எழுத இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை, எழுதிவிட்டேன். நலமா என்று கேட்கவும் வாய் வரவில்லை. என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதாக என் மகள் லாவண்யா சொன்னாள், அதனால்தான் தபால். கிழித்துப் போடும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என் பழைய கம்பெனி ஆட்கள் குரூப்பில், 'நாளை முழு அடைப்பு, அத்திப்பள்ளியில் எந்த வண்டியும் எல்லை தாண்டாது, அனைவருக்கும் பகிரவும்' என்று வந்தது. நீங்கள் கர்நாடகா பக்கம் ஆனேக்கல்லிலிருந்து பெண்டுபிள்ளைகளோடு வந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, அடுத்த நிமிசமே நம்ம ரெண்டு வீட்டுக் குரூப்பிலும் தள்ளிவிட்டேன். இங்க அடைப்புன்னா ஷிப்டுக்குப் போறவங்க அந்தப் பக்கம் இறங்கி, டிபன் பாக்ஸோட நடந்தே எல்லையைத் தாண்டி, இந்தப் பக்கம் வேற வண்டி ஏறுவாங்க. நீங்களும் தாம்பூலத் தட்டோட அப்படித்தான் நடந்து வருவீங்கன்னு நினைச்சு, காலையில எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியில ஒரு வேனைப் பிடிச்சு நிறுத்திட்டு மாலையோட நின்னேன். நின்னா, கர்நாடகா பஸ் அதுபாட்டுக்கு வருது, லாரி வருது, மேளத்தோட வேற யாரோ மாப்பிள்ளை வீட்டு வண்டியே என்னைத் தாண்டிப் போகுது. உங்களை மட்டும் காணோம். அப்பத்தான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மறுபடி படிச்சேன். நாளைன்னுதான் இருக்கு, எந்த நாளைன்னு போடலை. என்னைக்கோ நடந்த அடைப்பு, இன்னும் சுத்திக்கிட்டிருக்கு.

நான் அனுப்பியதை நம்பி நீங்கள் கிளம்பவே இல்லை, இங்கே வீட்டில் நல்ல நேரம் முடிந்துபோயிருந்தது. உங்கள் அக்கா நாராயணம்மா போனில், "பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா நேரா சொல்லணும், எல்லையை அடைச்சிட்டாங்கன்னு கதை விடக் கூடாது" என்றார்கள். சத்தியமா அப்படி இல்லைங்க. அந்தப் பேச்சு நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்கு.

நான் கம்பெனியில குவாலிட்டியில இருந்தவன். அளவு பார்க்கிற கேஜ் வெச்சுப் பார்க்காம ஒரு போல்ட்டைக்கூட வெளிய விட்டதில்லை. சாப்பிடாமல் படுத்திருந்த லாவண்யா எழுந்து, "போல்ட்டுக்குப் பார்த்த அளவுக்கு எனக்குப் பார்க்கலையேப்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. என் சம்சாரம் நாகம்மாள் சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டுப் போகிறாள்.

இனிமேல் எந்தச் செய்தி வந்தாலும் சம்பந்தப்பட்டவங்களையே கேட்டு உறுதி ஆனாத்தான் நம்புவேன், ஆகலைன்னா ரிஜெக்ட். பிள்ளைங்க மனசை நினைச்சு இன்னொரு நாள் குறிங்க.

மாப்பிள்ளை பிரதாப் தம்பிக்கு என் ஆசீர்வாதம். வீட்டில் அனைவருக்கும் வணக்கம், நாராயணம்மா அக்காவுக்கு ஒன்று கூடுதலாக.

தலைகுனிந்து,
வெள்ளைச்சாமி

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஒரு விசயம். நேற்று பிரதாப் தம்பி நம்பரிலிருந்து 'நாளைக்கு எல்லாரும் வர்றோம், நிச்சயத்தை முடிச்சிடலாம்' என்று வந்தது. மறுபடியும் நாளை. ஏமாறுவேனா? தம்பியைக் கூப்பிட்டேன், ஷிப்டில் இருந்தார் போல, எடுக்கவில்லை. உங்களைக் கேட்கலாம் என்றால் நீங்கள்தான் பிளாக் செய்திருக்கிறீர்களே. லாவண்யாவுக்கு வீண் ஆசை காட்ட வேண்டாமென்று அவளிடம் மூச்சு விடவில்லை. ரிஜெக்ட் பண்ணி, 'பொய்ச் செய்தி வந்தால் நம்பாதீங்க, யாரும் வர வேண்டாம்' என்று எங்கள் சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இப்ப வாசல்ல ஒரு வேன் வந்து நிக்குது. முதல்ல இறங்குறவங்க நாராயணம்மா அக்கா மாதிரியே இருக்காங்க, கையில தட்டு. கடிதத்தை நேர்லயே குடுத்துடறேன். கொஞ்சம் மெதுவாப் படிங்க, நாகம்மா இப்பத்தான் உலை வைக்கிறா.