பழைய செட்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்தவன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ சந்தேகப்படுவாய். தாராளமாகப் படு. சந்தேகப்படுவதில் தப்பே இல்லை என்று இந்த மூன்று வாரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் போனில் நான் யாரைக் கூப்பிட்டாலும் அது எப்படியோ என் மகளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. செட்.

பம்பு கம்பெனி ஸ்டோர் ரூமில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். எனக்கு செட் என்றால் ஒரே அர்த்தம்தான். ஆறு போல்ட், ஆறு நட், பன்னிரண்டு வாஷர், ஒரு கேஸ்கட், இது ஒரு செட். பதினோரு வாஷர் இருந்தால் அது செட் இல்லை, வெறும் இரும்பு. மேனேஜரே வந்து நின்றாலும் ஜன்னலுக்கு வெளியே விடமாட்டேன். அப்படிப்பட்ட சொல்லை இந்த வீட்டில் உப்பைப் போல எல்லாவற்றிலும் போடுகிறார்கள். அலாரம் செட் பண்ணு என்கிறார்கள். புது வேலை செட் ஆகவில்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எதிர் வீட்டுப் பையனுக்கும் செட் ஆகிவிட்டது என்று சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை தன் சிநேகிதர்களிடம் என்னைப் பற்றிச் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்: "எங்க மாமா பழைய செட்டு. அவர் அப்படித்தான், கண்டுக்காதீங்க." இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

மூன்று வாரத்துக்கு முன்னால், காலையில் நான் முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறேன். சமையலறையில் மகள் யாரிடமோ போனில் பேசுகிறாள். "பழைய செட்டு இனிமே வேணாங்க. ஹால்ல பாதி இடத்தை அதுதான் அடைச்சுக்கிட்டிருக்கு. ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு. உக்காந்தா முனகுது. நீங்க வந்து எடுத்துட்டுப் போயிடுங்க." பாதி முகத்தில் சோப்போடு அப்படியே நின்றுவிட்டேன். அவள் பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க மேல் செட் ரெடி, கீழ் செட் ரெடி என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பவள், யாருடைய பல்செட்டோ என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எந்தப் பல்செட் ஹாலில் பாதி இடத்தை அடைக்கும்? கண்ணாடியில் என்னை நானே பார்த்தேன். இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. ஹாலுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். முனகல் கேட்டது.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் ஒரு கொத்தனார் வந்து குளியலறைச் சுவரில் இரும்புக் கைப்பிடி ஒன்றைப் பதித்தார். "சிமெண்ட் செட்டாகுற வரைக்கும் யாரும் புடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். "இது யாருக்கு, மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "சும்மா மாமா, ஒரு சேஃப்டிக்கு" என்றார். ஸ்டோர் ரூம் ஜன்னலில் என்னிடம் சும்மா என்று சொன்னவன் ஒருவன்கூட சும்மா வந்தவன் இல்லை. அடுத்த நாள் அவர் சட்டைப் பையில் வாசல் கதவுச் சாவி புதிதாக ஒரு செட் பளபளக்கிறது. வீட்டில் மூன்று பேர், மூன்று செட் சாவி ஏற்கெனவே இருக்கிறது. நான்காவது யாருக்கு? என் இடத்துக்கு வேறு யாரோ வருகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். கைப்பிடி அந்த ஆளுக்கு, சாவி அந்த ஆளுக்கு, அப்படியென்றால் நான் எங்கே?

அதற்கும் பதில் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடைத்தது. நான் தூங்குகிறேன் என்று நினைத்து மகள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ஒரே வாரத்துல செட்டாயிடும், கவலையே படாதீங்க. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு. மொதல்ல கொஞ்சம் மொறைச்சுக்குவாங்க, அப்புறம் சரியாயிடும். ரெண்டு செட்டு துணி இருந்தா போதும், மத்ததை மெதுவா எடுத்துக்கலாம். வியாழக்கிழமை காலையில பத்து மணிக்குக் கார் சொல்லிட்டேன். அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. இப்பவே தெரிஞ்சா குதிப்பாரு." இதைக் கேட்ட பிறகும் புரியாமல் இருக்க நான் என்ன பச்சைக் குழந்தையா? எதிர்முனையில் இருந்தது ஏதோ முதியோர் இல்லத்து மேனேஜர். துணி என்னுடையது, கார் எனக்கு, முறைத்துக்கொள்ளப் போவது அங்கே பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கிழவர்.

நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஏம்மா, செட்டுன்னா என்ன அர்த்தம்?" "எந்த செட்டுப்பா?" என்று திருப்பிக் கேட்டாள். பார்த்தாயா, எவ்வளவு சாமர்த்தியம்! பரணிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடத்து ஆங்கில அகராதியை இறக்கினேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பத்தி பத்தியாகப் போட்டிருக்கிறான். வைப்பது, பதிப்பது, இறுகுவது, கூட்டம், தொகுதி என்று போய்க்கொண்டே இருக்கிறது. சூரியன் அஸ்தமிப்பதும் செட்தானாம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இனி நான் உன்னிடம் வெட்கத்தை விட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உன் வீட்டுக்காரர் காலமான பிறகு, எங்களோடு வந்து இரு என்று உன்னைக் கூப்பிட வந்தேன். நீ "எனக்கும் உனக்கும் செட்டாகாதுண்ணா" என்றாய். எனக்குத் தெரிந்த பாஷையில் அதற்கு, நீயும் நானும் ஒரே பெட்டிச் சாமான் இல்லை என்று அர்த்தம். கூடப் பிறந்தவளே இப்படிச் சொல்லிவிட்டாளே என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவன்தான், அதன் பிறகு உன் வாசலை மிதிக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், ரேடியோவைக் குறை, ஜன்னலைச் சாத்து என்று உன்னை நான் விரட்டுவேன் என்று நினைத்து நீ சொல்லியிருப்பாய். அது நியாயமும்கூட. நான்தான் வீம்பு பிடித்தேன். தப்பு என்னுடையது. எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. தெரியாத இடத்தில், தெரியாத கட்டிலில் என்னால் இருக்க முடியாது.

இன்று செவ்வாய். கடிதம் நாளை மாலைக்குள் உன் கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை கார் வருவதற்கு முன்பே இரண்டு செட் துணியோடு முதல் பஸ்ஸைப் பிடித்து உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உன் டப்பாக்களை உயர வாரியாக அடுக்கமாட்டேன். ரேடியோ எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாடட்டும். பின் அறையில் ஒரு பாய் போட இடம் இருந்தால் போதும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இது பற்றி மூச்சு விடாதே.

நீ ஆரோக்கியமாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்புள்ள,
அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இல்லை என்று வைத்துக்கொள். கடிதத்தை உறையில் போட்டு, ஸ்டாம்ப் தேடி ஹாலுக்குப் போனால், மூன்று ஆட்கள் பழைய சோபா செட்டைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை நாள் முனகியது நான் இல்லையாம், அதுவாம். அது இருந்த இடத்தில் நடக்க வழி வேண்டுமாம். பின்னாலேயே ஒரு புதுக் கட்டில் வந்தது. ஆர்டர் சீட்டில் மகள் கையெழுத்து: "அத்தை ரூம்." அவளை நிற்க வைத்துக் கேட்டேன். போன மாதம் நீ குளியலறையில் இரண்டு தடவை வழுக்கி விழுந்ததையும், யாரிடமும் சொல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததையும் அப்போதுதான் சொன்னாள். மூன்று வாரமாக அவள் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தது உன்னிடமாம். அண்ணனுக்குச் சொன்னால் வரமாட்டேன் என்று நீதான் நிபந்தனை போட்டாயாம். முறைத்துக்கொள்ளப் போகிற ஆள் நான்தானாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை? விழுந்தாயே, அப்போதாவது கூப்பிடத் தோன்றவில்லையா? என்னைப் பற்றி அவளிடம் வேறு என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய்? இதில் இன்னும் ஏதோ இருக்கிறது, விசாரிக்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் இதில் இருப்பதில் இரண்டு மூன்று வரி, நீ எதிரில் வந்து நின்றால் எனக்கு வாயில் வராது. அதனால் தபாலில் போடாமல் உன் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். உறையின் வாயில் என் தலைமுடி ஒன்றை ஒட்டி வைக்கிறேன். நீ பிரித்தாயா இல்லையா என்பது எனக்குத் தெரிந்துவிடும். பிரித்தாய் என்று தெரிந்தால் போதும், அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேச வேண்டாம்.